விதி வந்த வழி

விளைந்த பயிர் கருகினால் விதி! வளர்ந்த மகன் மடிந்தால் விதி! வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்து வீட்டை விழுங்கினால் அதுவும் விதி! இளம்பெண் கைம்பெண் ஆனால் விதி. ஏழையாய்ப் பிறந்தவன் ஏழையாகவே இறந்தால் அவன் தலைவிதி! இரண்டே எழுத்து. ஆனால் அந்த இரண்டெழுத்து அடைத்துவிட்ட வாய்கள் எத்தனை! அணைத்துவிட்ட கேள்விகள் எத்தனை!

கிளியைக் கூண்டிலிருந்து இறக்கிச் சீட்டெடுக்கச் சொன்ன காலத்தைக் கடந்துவிட்டோம் என்று எண்ணுகிறோம். இன்று கைப்பேசியே ஜாதகம் கணித்துத் தருகிறது. கருவி புதிது, கருத்துப் பழையது. விதி உண்டா இல்லையா என்று பட்டிமன்றம் நடத்துவது எளிது. கைதட்டல் பெறுவது அதனினும் எளிது. அதற்கு முன்னே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விதி என்னும் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? வந்த வழியிலே எந்தெந்தச் சொற்களை விழுங்கிற்று? ஊருக்குப் புதிதாக வந்து அதிகாரம் செய்பவனை, "நீ யார்? எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்பது குடிகளின் உரிமை. நம் வாழ்வின்மீது அதிகாரம் செலுத்தும் சொல்லையும் அப்படிக் கேட்போம்.

ஏழு ஆறுகள்

திருக்குறளுக்கு உரை கண்டவருள் புகழ் மிக்கவர் பரிமேலழகர். 13, 14ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்தவர். ஊழ் என்னும் அதிகாரத்தின் முகப்பிலே அவர் ஒரு பட்டியல் தருகிறார். ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி என ஏழு சொற்கள். ஏழுக்கும் பொருள் ஒன்றே என்பது அவர் முடிவு. செய்த வினையின் பயன் செய்தவனையே சென்று சேரும் ஏற்பாடுதான் அந்த ஒரு பொருள்.

பரிமேலழகரின் புலமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் காலத்து வழக்கு அப்படி. ஏழு ஆறுகள் கலந்தபின் இருந்த கடலை அவர் கண்டார், கண்டதை எழுதினார். ஆனால் கடல்நீர் கரிக்கிறது என்பதற்காக ஆற்றுநீரும் கரித்தது என்று கூறலாமோ? ஒவ்வோர் ஆற்றையும் அதன் ஊற்றுவரை சென்று பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சுவை இருந்தது தெரிகிறது. ஏழும் ஒன்றான கதைதான் விதி வந்த வழி.

இவற்றுள் உண்மை என்பது உள்ளதாம் தன்மை. நெருப்புச் சுடுவதும் நீர் பள்ளம் நோக்கி ஓடுவதும் உண்மை. அச்சொல்லில் அச்சுறுத்தல் ஏதும் இல்லை. தெய்வம் என்பது வடமொழித் தொடர்புடையது. தேவர்களிடமிருந்து வருவது என்ற கருத்தினது. மற்ற ஐந்தையும் சற்று நின்று பார்க்கவேண்டும்.

பாலும் பங்கும்

முதலில் பால். ஆண்பால், பெண்பால் என்று இலக்கணத்திலும், அறத்துப்பால், பொருட்பால் என்று குறளிலும் நாம் காணும் அதே சொல். பிரிவு, பகுதி, பங்கு என்பது அதன் பொருள். பகு என்னும் சொல்லோடு உறவுடையது. தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவதற்கு ஏதுவாகத் தொல்காப்பியக் களவியல் பாலைச் சுட்டுகிறது. பால்வரை தெய்வம் என்ற தொடரும் அந்நூலில் உண்டு; அவரவர் பங்கை வரையறுக்கும் தெய்வம் என்பது அதன் கருத்து. வள்ளுவரும் ஊழைப் பாடும்போது ஒரு குறளில் பால் என்ற சொல்லை ஆள்கிறார். அதற்கடுத்த குறளிலேயே பங்கிட்டவனை வகுத்தான் என்ற சொல்லால் குறிக்கிறார்.

ஒருவனுக்கு வாய்த்தது அவனுடைய பங்கு. இந்த எண்ணம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கர் விதியை மொய்ரா என்றனர். மொய்ரா என்றால் பங்கு. ஹோமரின் காப்பியங்களிலே விருந்தில் ஒருவனுக்கு வைக்கப்படும் இறைச்சித் துண்டும் மொய்ரா. போர்க்களத்தில் அவனுக்கு வாய்க்கும் சாவும் மொய்ரா. பிற்காலக் கதைகளிலேதான் அது மூன்று பெண் தெய்வங்களாக வடிவெடுத்தது. ஒருத்தி உயிர்நூலை நூற்பாள், ஒருத்தி அளப்பாள், ஒருத்தி அறுப்பாள். அரபு மொழியிலிருந்து பரவிய கிஸ்மத் என்ற சொல்லின் வேரும் பங்கீடு என்பதே. கணக்கிலே வகுத்தலுக்கும் அரபியர் அச்சொல்லையே வழங்குவர். நசீப் என்பதும் பங்கு. வடமொழியிலே பாகம் என்றால் பங்கு. அதிலிருந்து பிறந்தது பாக்கியம்.

கடல் கடந்த மொழிகள், வேறு வேறு குடும்பத்து மொழிகள். ஆயினும் கதை ஒன்றாக இருக்கிறதே, ஏன்? வேட்டையிலே கிடைத்த இறைச்சியும், களத்திலே குவிந்த தானியமும், போரிலே கொண்ட பொருளும் கூடி உழைத்தவர் நடுவே பங்கிடப்பட்ட பண்டைக் குடிவாழ்வில் பிறந்தது மொய்ரா என்ற எண்ணம் என்று ஜார்ஜ் தாம்சன் என்னும் கிரேக்க மொழி அறிஞர் 1941இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அவர் வாதம் நம் பாலுக்கும் பொருந்துவதாகவே தோன்றுகிறது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. பங்கு என்றால் பங்கிட்டவன் ஒருவன் இருக்கிறான். பங்கிட்டவன் இருந்தால், பங்கு சரியா என்று கேட்கும் உரிமையும் இருக்கிறது. பாகப்பிரிவினையிலே அண்ணன் அளந்து வைத்ததைத் தம்பி மீண்டும் அளந்து பார்க்கிறான் அல்லவா? பங்கிட்டவன் கண்ணுக்குத் தெரிந்தவரை கேள்வியும் இருந்தது. அவன் கண்ணுக்குத் தெரியாத தெய்வமாக மேலே ஏறியபோது, அளவுகோலையும் உடன் எடுத்துச் சென்றுவிட்டான்!

ஊழும் முறையும்

அடுத்தது ஊழ். ஊழ்த்தல் என்றால் மலர்தல், முதிர்தல், உதிர்தல். சொல்வன்மை அதிகாரத்திலே, கற்றதைப் பிறர் உணர எடுத்துரைக்கத் தெரியாதவரை, கொத்தாக மலர்ந்தும் மணம் வீசாத பூவுக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். அங்கே மலர்தலுக்கு அவர் ஆளும் சொல் ஊழ்த்தல் என்பதே. அரும்பு மலராகும், மலர் காயாகும், காய் கனியாகும், கனி உதிரும். ஒன்றன்பின் ஒன்றாக, உரிய காலத்தில் நிகழும் இந்த ஒழுங்கே ஊழ். நெடுங்காலத்தைக் குறிக்கும் ஊழி என்ற சொல்லும் இதன் உறவினமே. உழவனுக்கு இந்த ஊழ் நன்றாகத் தெரியும். ஆனால் எந்த உழவனும் ஊழ் என்று கூறி விதைக்காமல் இருந்ததில்லை. நீர் பாய்ச்சாமல் நெல்லை எதிர்பார்த்ததுமில்லை.

முறை என்பதும் ஒழுங்கே. உறவிலே முறை, ஆட்சியிலே முறை, வரிசையிலே முறை. மன்னன் நீதி வழங்குவதை முறை செய்தல் என்றனர். புறநானூற்றின் 192ஆம் பாடலிலே கணியன் பூங்குன்றனார் இந்தச் சொல்லைத்தான் எடுத்தார். மழை பொழிந்து பெருகிய ஆறு கற்களை மோதிக்கொண்டு பாய்கிறது. அதன் போக்கிலே செல்கிறது ஒரு மிதவை. உயிர் வாழ்க்கையும் அப்படி முறையின் வழியே செல்வது என்கிறார். இதுவரை கேட்பவர், விதிக்குச் சான்று கிடைத்தது என்று மகிழக்கூடும். ஆனால் அந்த உவமையிலிருந்து புலவர் எடுத்த முடிவு யாது? ஆகவே பெரியோரைக் கண்டு வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்பது அவர் முடிவு! மேட்டிலே இருப்பவனை மேட்டில் வைத்தது வெள்ளமென்றால் அவன் செருக்குக்கு என்ன நியாயம்? பள்ளத்திலே கிடப்பவனைப் பள்ளத்தில் தள்ளியது வெள்ளமென்றால் அவனை இகழ்வதற்கு என்ன நியாயம்? முறை என்ற சொல்லிலிருந்து சமத்துவத்தைக் கண்டெடுத்தார் பூங்குன்றனார். பிற்காலத்தவர் விதி என்ற சொல்லிலிருந்து கண்டெடுத்தது என்ன என்பதை இனிப் பார்ப்போம்.

நியதியும் வினையும்

கௌதம புத்தருக்கும் மகாவீரருக்கும் சமகாலத்தவர் மற்கலி கோசாலர். ஆசீவகம் என்னும் நெறியின் தலைவர். அவர் நெறியின் நடுத்தூண் நியதி. அவர்களுடைய நூல்கள் இன்று கிடைக்கவில்லை; மறுத்தோர் எழுதியவற்றைக் கொண்டே அறிகிறோம். தமிழிலே மணிமேகலையும் நீலகேசியும் ஆசீவகரோடு வாதிடுகின்றன. பௌத்த நூல்கள் கூறுவதன்படி, உருட்டிவிட்ட நூலுண்டை நூல் தீரும்வரை அவிழ்ந்துகொண்டே ஓடுவதுபோல, அறிவிலியும் அறிஞனும் 84 இலட்சம் பேரூழிகள் பிறந்து பிறந்து தீரவேண்டியதுதான்; முயற்சியால் அதைக் குறைக்கவும் இயலாது, தவறால் கூட்டவும் இயலாது. இக்கொள்கையைப் புத்தர் மிகக் கடுமையாகச் சாடினார். நெய்த ஆடைகளிலே மிக இழிந்தது மயிர்க்கம்பளம், குளிரிலே குளிரும், வெயிலிலே சுடும்; கொள்கைகளிலே மற்கலியின் கொள்கை அத்தகையது என்றார்.

முயற்சியைக் கொன்றது நியதி. ஆனால் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். நியதி யார்மீதும் பழி சுமத்தவில்லை. உருளும் நூலுண்டை எவனையும் பார்த்து, நீ பாவி என்று கூறவில்லை. பழி சுமத்தும் வேலையைச் செய்தது மற்றொரு கொள்கை. அதுதான் முற்பிறப்பு வினை.

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஐந்தாம் பகுதியிலே, நல்லொழுக்கம் உடையோர் பார்ப்பனராகவோ அரசராகவோ வணிகராகவோ பிறப்பர் என்றும், தீயொழுக்கம் உடையோர் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளராகவோ பிறப்பர் என்றும் கூறப்பட்டுள்ளது. நாய், பன்றி என்ற வரிசையிலே ஒரு மனிதக் கூட்டத்தையும் நிறுத்திய கொடுமையைப் பாருங்கள்! அடிபட்டவன், "ஏன் அடித்தாய்?" என்று கேட்கமுடியாது. "முற்பிறப்பில் நீ செய்த குற்றம்" என்று விடை ஆயத்தமாக இருக்கிறது. குற்றம் என்ன என்று அவனுக்குத் தெரியாது, சாட்சி இல்லை, விசாரணை இல்லை, தண்டனை மட்டும் உண்டு. உலகத்தின் எந்த நீதிமன்றமும் ஏற்காத வழக்கு இது!

தமிழ்நிலத்திலும் இந்த வழக்கு நடந்தது. சிவிகை சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் குறித்த குறள் ஒன்று உண்டு. அறத்தின் பயன் இதுவென்று நூலால் அறியவேண்டியதில்லை, இவ்விருவரையும் பார்த்தாலே விளங்கும் என்று பொருள் கொண்டார் பரிமேலழகர். இவ்விருவரையும் காட்டி இதுதான் அறத்தின் வழி என்று கூறவேண்டா என்று பொருள் கொள்வோரும் உளர். ஒரே குறள், ஒரு பொருள் சுமப்பவனைக் குற்றவாளியாக்குகிறது, மறுபொருள் அவனை விடுதலை செய்கிறது. பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழவேண்டுமெனில் இவ்வுலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று இரவச்சத்திலே சீறிய வள்ளுவரின் உள்ளம் எந்தப் பொருளுக்கு இசையும் என்பதைத் தோழர்களே முடிவு செய்யட்டும்.

ஊழைவிட வலியது வேறு எது என்று 38ஆம் அதிகாரத்திலே கேட்டவரும் அவரே. தளராமல் உழைப்பவர் அந்த ஊழையே புறமுதுகிடச் செய்வர் என்று 62ஆம் அதிகாரத்திலே விடை தந்தவரும் அவரே. முதலதை மட்டும் மனப்பாடம் செய்வித்து, பின்னதை மறக்கச் செய்தது யார் குற்றம்?

சிலப்பதிகாரத்தையும் எண்ணிப் பாருங்கள். ஊழ்வினை விடாது என்பது அந்நூலின் மூன்று உண்மைகளுள் ஒன்று. கோவலன் முற்பிறப்பிலே ஒருவனைக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்த கதையை மதுரைத் தெய்வம் வந்து கண்ணகிக்குக் கூறவும் செய்கிறது. ஆனால் எப்போது கூறுகிறது? மதுரையில் தீ மூண்டபின்! அதற்கு முன்னே, கணவன் கொலையுண்டான் என்று கேட்ட கண்ணகி, ஊழ் என்று கூறி ஒடுங்கி உட்காரவில்லை. கையிலே சிலம்போடு அரண்மனை வாயிலில் நின்றாள், உடைத்துக் காட்டினாள், வழக்கை வென்றாள். பாண்டியனும் விதியின் பின்னே ஒளியவில்லை. பொற்கொல்லன் சொல் கேட்டு முறை தவறிய நானே கள்வன் என்று தன் தலையிலே குற்றத்தை ஏற்றான், உயிர்விட்டான். விதியைப் போற்றும் காப்பியத்திலேயே நெஞ்சை அள்ளும் இருவரும் விதியைச் சாக்காகக் கொள்ளாதவர்கள்.

கட்டளையான விதி

இனி விதி என்ற சொல்லுக்கே வருவோம். இது வடசொல். வகுத்து வைத்தல், ஏற்பாடு செய்தல் என்ற கருத்துடைய வேரிலிருந்து வந்தது. வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சகர் இதை மிகத் துல்லியமாக ஆண்டனர். இன்ன வேள்வியை இன்னவாறு செய்க என்று ஏவும் வாக்கியம் விதி. இன்னதைச் செய்யாதே என்று தடுக்கும் வாக்கியம் விலக்கு. விதிவிலக்கு என்ற சொல்லில் இன்றும் அந்த இணை வாழ்கிறது.

கட்டளை யாருக்கு இடப்படும்? மீறக்கூடியவனுக்கு! மேலே எறிந்த கல்லைப் பார்த்துக் கீழே விழு என்று எவரும் கட்டளையிடுவதில்லை. கட்டளையிடாமலே அது விழும். செய்யவும் செய்யாதிருக்கவும் ஆற்றல் உள்ளவனிடம்தான் செய் என்று கூறமுடியும். ஆகவே விதி என்ற சொல் பிறந்தபோது, மனிதன் தன் செயலைத் தானே தேர்ந்துகொள்ள வல்லவன் என்ற எண்ணமும் அதன் கூடவே பிறந்திருக்கவேண்டும். மனிதனின் உரிமைக்குச் சான்றாக நின்ற சொல், மெல்ல மெல்ல அவ்வுரிமையின் மறுப்பாக மாறியது. மீறக்கூடிய கட்டளை, மீறமுடியாத கட்டளை ஆயிற்று. விதித்தலைச் செய்யும் பிரமனுக்கே விதி என்று பெயரும் வந்தது.

உரோமானியரும் இத்தகைய வழியில் நடந்தனர். அவர்கள் மொழியில் விதிக்கு ஃபாட்டும் என்று பெயர். கூறப்பட்டது என்பது பொருள். ஆங்கிலத்து ஃபேட் அதன் வழித்தோன்றல். மேலிருந்து ஒருவன் கூறிவிட்டான், கீழே இருப்பவன் கேட்டுக்கொள்ளவேண்டியதுதான் என்பது அதன் சாரம். நம் நாட்டிலே கூறியதோடு விடவில்லை, எழுதியும் வைத்துவிட்டார்கள்!

தலையெழுத்து

எழுதினவன் எழுதிவிட்டான் என்கிறார்கள். எங்கே எழுதினான்? மண்டையோட்டிலே! சுடுகாட்டிலே கிடைக்கும் மண்டையோட்டின்மேல் நெளிநெளியாக ஓடும் கோடுகளைக் காட்டி, இதுதான் பிரமன் எழுத்து என்பர். அவை எலும்புகளின் மூட்டுவாய்கள். பிறக்கும் குழந்தையின் தலையோடு ஒரே எலும்பாக இருப்பதில்லை. பல தகடுகளாக இருக்கிறது. தாயின் வயிற்றிலிருந்து வெளிவர வழிவிடவும், பிறந்தபின் மூளை வளர இடம் தரவும் அவ்வாறு அமைந்துள்ளது. பின்னர் தகடுகள் நெருங்கிப் பொருந்திய இடத்தில் தையல் போட்டதுபோன்ற கோடுகள் விழுகின்றன. அறிவு வளர்வதற்காக ஏற்பட்ட இடைவெளியையே அறிவுக்குப் போட்ட பூட்டு என்று நம்பவைத்துவிட்டார்கள்!

அது போகட்டும். விதியை எழுத்தாக ஏன் எண்ணினர்? படிக்கத் தெரியாத மக்களுக்கு எழுத்து என்றால் என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். எழுத்து என்றால் கடன் பத்திரம். எழுத்து என்றால் ஊர்க் கணக்கர் வைத்திருந்த நிலக் கணக்கு. யாரோ எழுதுவார்; என்ன எழுதினார் என்று தெரியாது; கைநாட்டு வைக்கவேண்டும்; பிறகு நிலம் போகும், வீடு போகும். தன் வாழ்வைப் பற்றித் தன்னால் படிக்கமுடியாத மொழியில் வேறொருவர் எழுதிவைத்திருக்கிறார் என்பது அம்மக்களுக்குக் கற்பனையன்று. நாள்தோறும் பட்ட உண்மை. அந்தப் பட்டறிவையே வானத்தின்மீது ஏற்றி வரைந்தால் கிடைக்கும் சித்திரந்தான் தலையெழுத்து. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 5 பேர் அளவே. பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2011இல் தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். கரும்பலகையின் முன் நின்று தொழில் செய்யும் எனக்கு இந்த எண்கள் வெறும் எண்களாகத் தோன்றுவதில்லை. அகரம் எழுதக் கற்ற குழந்தை, எழுத்து என்பது மனிதக் கையால் எழுதப்படுவது, தவறாயின் அழித்து எழுதத்தக்கது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

எழுதிய கைகள்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாண்டோர் 50 இலட்சத்துக்குக் குறையார் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. மழை பொய்த்தது உண்மை. ஆனால் மழை பொய்த்த அந்நாளிலும் இந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியானது. 1877இல் பஞ்ச வேலைகளை மேற்பார்வையிட வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுதும் உழைக்கும் ஆடவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியை வகுத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்னும் ஆங்கில மருத்துவரே, இந்த உணவு உழைக்கும் உடலைக் காக்காது என்று எதிர்த்தார். எதிர்ப்புக்குப்பின் அதே ஆண்டில் கூலியின் அளவு உயர்த்தப்பட்டது. வேலைத்தளங்களில் எலும்புக்கூடுகளாய் நடந்த மக்கள், எங்கள் தலையெழுத்து என்றிருப்பர். அந்த எழுத்தை எழுதிய கை மைக்கூடும் பேனாவும் வைத்திருந்த கை. எழுதியதைத் திருத்தியதும் அத்தகைய ஒரு கையே.

அம்மையைக் கண்டால் ஆத்தாள் வந்திறங்கினாள் என்றனர். தழும்பும் குருடும் சாவும் அவரவர் விதி என்றனர். 1796இல் ஜென்னர் கண்ட அம்மைப்பால் மெல்ல உலகெங்கும் பரவியது. ஆயினும் 1974இல் கூட இந்தியாவில் 1,80,000க்கும் மேற்பட்டோர் பெரியம்மைக்கு ஆளாயினர். ஊர் ஊராக, தெருத் தெருவாக நோயாளிகளைத் தேடி, சுற்றியிருந்தோருக்கெல்லாம் அம்மை குத்தினர் பணியாளர்கள். அடுத்த ஆண்டு மே மாதத்தோடு இந்நாட்டில் அந்நோய் நின்றது. 1980 மே மாதம் உலகத்திலேயே பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. இலட்சக்கணக்கான தலைகளில் பிரமன் எழுதியதாகச் சொன்ன எழுத்து ஓர் ஊசிமுனையால் அழிந்தது! நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு அளவிலேயே இருந்தது. இன்று அது 70 ஆண்டு அளவிற்கு உயர்ந்துள்ளது. எமன் தன் ஓலையைத் திருத்திக்கொண்டானா? மருந்தும் குடிநீரும் உணவும் மருத்துவச்சியும் திருத்தியவை அவை.

விதியும் விதிகளும்

தமிழிலே இன்று விதி என்ற சொல்லுக்கு இரு பொருள். ஒன்று தலைவிதி. மற்றொன்று சட்டவிதி. முன்னதை மாற்றமுடியாது என்கிறார்கள். பின்னதை மன்றம் கூடி மாற்றுகிறோம். கைம்பெண்ணின் மறுமணத்தை 1856இல் சட்டம் ஏற்றது. சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை 1947இல் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இம்மூன்றும் ஒரு காலத்திலே தலைவிதிக் கணக்கிலே எழுதப்பட்டிருந்தவை. போராடியவர்கள் அவற்றைச் சட்டவிதிக் கணக்குக்கு மாற்றி எழுதினார்கள்.

வேறொன்றையும் காணுங்கள். 2004 ஜூலை 16ஆம் நாள் குடந்தையில் ஒரு பள்ளியில் சமையற்கட்டில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றியது. 94 குழந்தைகள் கருகினர். பெற்ற வயிறு, விதி என்று கதறியது. அந்தக் கதறலை நாம் பழிக்கமாட்டோம். பறிகொடுத்த தாய்க்கு அது வாதமன்று, அழுகையின் மற்றொரு பெயர். ஆனால் அத்துயரத்துக்குப்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டதே, அதன் பொருள் என்ன? முன்னரே விதிகள் செம்மையாக இருந்து, முன்னரே அவை கடைப்பிடிக்கப்பட்டிருந்தால், அன்று அங்கே விதி வந்திருக்காது என்பதுதானே? விதிகள் இல்லாத இடத்திலும், இருந்தும் உறங்கும் இடத்திலும் விதி வந்து நாற்காலி போட்டு அமர்கிறது! மனிதர் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. இன்னும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்து மாள்கிறார்கள் தொழிலாளர்கள். அங்கேயும் விதி என்றே பேசப்படுகிறது. துன்பப்பட்டவர் கூறும் விதி வேறு. துன்பத்துக்குப் பொறுப்பானவர் கூறும் விதி வேறு. முதலது கண்ணீர். இரண்டாவது கைகழுவல்.

ஆகவே, தோழர்காள்! இச்சொல்லைக் கேட்டதும் சிரித்துவிட்டு நகர்வது போதாது. அதன் பழைய பெயர்களை நினைவுபடுத்திக் கேள்விகளாகத் திருப்பித் தரவேண்டும். பால் என்பாரிடம், பங்கிட்டவர் யார், பங்கு சரியா என்று கேளுங்கள். ஊழ் என்பாரிடம், விதைத்தவர் யார், விளைந்ததை எடுத்துச் சென்றவர் யார் என்று கேளுங்கள். முறை என்பாரிடம், இது யார் செய்த முறை, எங்கள் முறை எப்போது என்று கேளுங்கள். தலையெழுத்து என்பாரிடம், அந்தக் கையெழுத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது அடையாளம் தெரிந்த கையெழுத்தாகவே இருக்கும். விதி என்பாரிடம், விதித்தவர் யார் என்று கேட்டதோடு நில்லாமல், அதைத் திருத்தும் மன்றம் எங்கே கூடுகிறது என்றும் கேளுங்கள். அங்கே போய் அமரவேண்டியவர்கள் நாம்.